ஆயுதபூஜை விடுமுறையில் ஒரு கேள்வி
(ஆனைமலையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் பக்கத்தில் இருந்த தொடக்கப்பள்ளி டீச்சர் சிரித்துவிட்டார். "காலேஜ் படிக்கிற பிள்ளைங்க எம்.எஸ்சி.க்கு எப்ப அப்ளிகேசன் போடணும்ங்கிறதுக்கும், ஒன்னாங்கிளாஸ் எடுக்கிற எனக்கும் என்னங்க டீச்சர் சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான்கு வருடம் முன்பு என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அப்பா நார் மில்லில் வேலை பார்க்கிறார். அம்மா தேங்காய்க் களத்துக்குப் போகிறார். இயற்பியல் என்றால் அவளுக்கு உயிர். பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் கேள்வியோடு நிற்பாள். கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டோம். எங்கள் கணக்கு அத்தோடு முடிந்தது.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தாள். கையில் முறுக்கு டப்பா. "நல்லாப் படிக்கிறியா அம்மணி?" என்று கேட்டேன். "படிக்கிறேனுங்க டீச்சர்" என்றாள். சாப்பாடு, விடுதி, பஸ் வசதி எல்லாம் விசாரித்தேன். காப்பி கொடுத்தேன். அனுப்பிவைத்தேன்.

அடுத்து அவள் வந்தது மூன்றாம் ஆண்டு ரிசல்ட் வந்த பிறகு, ஒரு ஜூன் மாதம். முதல் வகுப்பு. மதிப்பெண்களைப் போனில் காட்டினாள். "டீச்சர், எனக்கு ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. படிக்கணும்னு ஆசைங்க. அப்ளிகேசன் எப்பங்க வரும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. இருவரும் உட்கார்ந்து தேடிப் பார்த்தோம். அதற்கு 'ஜாம்' என்று ஒரு நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அக்டோபரிலேயே முடிந்திருந்தது. தேர்வு பிப்ரவரியில் நடந்து, முடிவு மார்ச்சிலேயே வந்துவிட்டது.

"முடிஞ்சே போச்சுங்களா?" என்று ஒரு முறை கேட்டாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வருடம் எழுதலாம் என்றேன். நான் ஒரு வருடம் என்று சொன்னது அந்த வீட்டில் வேறு மாதிரி கேட்டது. பட்டம் வாங்கிய பெண் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றால் அடுத்த பேச்சு என்ன என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தை மாதம் நிச்சயம் ஆகிவிட்டது. இப்போது பொள்ளாச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ஒரு குழந்தை இருக்கிறது. அவள் வாழ்க்கை கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல கணவர், நன்றாகவே இருக்கிறாள். ஆனால் மேலே படிப்பதா வேண்டாமா என்று அவள் யோசித்து முடிவெடுக்க ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. தேதி அதற்கு முன்பே போய்விட்டது.

நான் அடிக்கடி நினைப்பது அந்த முறுக்கு டப்பாவைத்தான். அன்று அவள் இரண்டாம் ஆண்டு. அடுத்த விண்ணப்பம் திறக்க இன்னும் பத்து மாதம் இருந்தது. அன்று நான் "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டதற்குப் பதிலாக, "டிகிரி முடிச்சு என்ன பண்ணப்போற? அதுக்கு எப்ப விண்ணப்பிக்கணும்?" என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டிருந்தால் இருவரும் அன்றே தேடியிருப்போம்.

இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்று பார்த்தேன். காரணம் எளிது. நாமெல்லாம் படித்த காலத்தில், டிகிரி முடிவு வந்த பிறகுதான் முதுநிலைக்கு விண்ணப்பம் வாங்கினோம். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனோம். நம் மாநிலத்தின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் முதுநிலைச் சேர்க்கை இன்றும் ஏறக்குறைய அந்த முறையில்தான், கோடை முடியும் நேரத்தில், நடக்கிறது. அதனால் "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்ற பேச்சு அப்படியே தங்கிவிட்டது. ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம், தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று போனால் இந்தப் பேச்சு பொருந்தாது. அங்கே மூன்றாம் ஆண்டு தொடங்கி மூன்று நான்கு மாதத்திலேயே முதல் கதவு மூடிவிடுகிறது. இறுதி ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கத்தான் வேண்டும். பட்டம் வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

எனவே ஒரு நாட்காட்டியைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். சரியான தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த அதிகாரபூர்வ இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும். மாதம் பெரிதாக மாறுவதில்லை.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்: 'கேட்' தேர்வுக்கான விண்ணப்பம். பொறியியலில் எம்.டெக்., எம்.இ. படிக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். தேர்வு பிப்ரவரியில்.

செப்டம்பர், அக்டோபர்: 'ஜாம்' விண்ணப்பம். இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பவியல், புவியியல் அல்ல, புவியமைப்பியல், பொருளியல் என ஏழு தாள்கள். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். பிப்ரவரியில் நடக்கும். கோவையிலேயே எழுதலாம். ஐ.ஐ.டி.களில் மட்டும் சுமார் 3,000 இடங்கள் இதன் வழியாக நிரம்புகின்றன. இதே மதிப்பெண்ணைக் கொண்டு என்.ஐ.டி.களிலும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி.யிலும் சேரலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் கட்டணம் பாதிதான்.

டிசம்பர், ஜனவரி: மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 'கியூட் பி.ஜி.' விண்ணப்பம். 2022 முதல் நடக்கிறது. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இதன் வழியாகத்தான் சேர்க்கின்றன. தமிழ், வரலாறு, ஆங்கிலம் படிக்கும் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. தேர்வு மார்ச் வாக்கில்.

ஆண்டின் தொடக்க மாதங்கள்: எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு 'டான்செட்', எம்.இ.க்கு 'சீட்டா பி.ஜி.'. இரண்டையும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஊரை விட்டுப் படிக்கப் போன பிள்ளைகள் வீட்டுக்கு வருவது ஆயுதபூஜைக்கும் தீபாவளிக்கும். 2024-இல் ஆயுதபூஜை அக்டோபர் 11. அன்று 'ஜாம்' விண்ணப்பம் திறந்திருந்தது. தீபாவளி 31-ஆம் தேதி. அதற்குள் மூடிவிட்டது. ஆகவே மூன்றாம் ஆண்டுப் பிள்ளையை ஆயுதபூஜைக்கே பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை என்றால் இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது. அதுதான் உண்மையில் பேசவேண்டிய நேரம். பழைய வினாத்தாள்கள் ஜாம் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசம். ஒரு வருடம் இருந்தால் தனிப்பயிற்சி இல்லாமலும் முயற்சி செய்யலாம். ஒரு மாதத்தில் முடியாது.

நம் மலைக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் சொல்கிறேன். டாப்சிலிப்பிலும் வால்பாறையிலும் இருவாச்சியையும் சிங்கவால் குரங்கையும் ஆராய எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாகக் காட்டுக்குள் போகிறவர்கள் நம் மாணவர்களின் அப்பாக்கள். அந்தப் பிள்ளைகள் காட்டுயிரியல் படிக்க நினைத்தால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. இருக்கிறது. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் காட்டுயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் மாணவர்களைச் சேர்க்கிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. முன்கூட்டித் தெரிந்திருந்தால் மட்டுமே பயன்.

இனி தொடக்கப்பள்ளி டீச்சரின் கேள்விக்கு வருகிறேன்.

ஒன்றாம் வகுப்பில் குழந்தையைச் சேர்க்கும்போது நாம் ஒரு பெயரை எழுதுகிறோம். அது எமிஸில் ஏறுகிறது. அங்கிருந்து பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்குப் போகிறது. பிறகு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிறது. அதற்குப் பிறகு ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் அலைய வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சான்றிதழில் இனிஷியல் மட்டும்; ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால்; ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஓர் எழுத்து கூடுதல். இப்படி வந்த பிள்ளைகள் என்னிடம் மட்டும் மூன்று பேர். விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் இது கண்ணில் படும். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் அந்தப் பத்து நிமிடத்தில், பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் பெயர்ப்பட்டியலை அனுப்பும் முன் மாணவனையே கூப்பிட்டு இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். பதினைந்து வருடம் கழித்து நடக்கும் விண்ணப்பத்துக்கு நாம் செய்யும் உதவி அது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பள்ளியில் படிக்கும்போது வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நம் மாநிலத்துக்குப் போதும். மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீடு 27 சதவீதம். அதைப் பெற அந்தச் சான்றிதழ் போதாது. மத்திய அரசின் படிவத்தில், 'வளமான பிரிவைச் சேராதவர்' என்று தாசில்தார் அலுவலகம் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டு தொடங்கும் கோடையிலேயே இதை வாங்கி வைத்துவிட்டால் செப்டம்பரில் பதற வேண்டியதில்லை. இது தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து, உரிய இடத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பரிந்துரைக் கடிதம். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். அதற்கு விண்ணப்பிக்க ஓர் ஆசிரியரின் கடிதம் வேண்டும். நம் பிள்ளைகள் பேராசிரியரிடம் போய்க் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். "கேட்டாத் திட்டுவாங்களோ டீச்சர்" என்கிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்டு, ஆய்வகத்தில் கூட நின்று, தன்னை ஒரு பேராசிரியருக்காவது தெரியும்படி இரண்டாம் ஆண்டுக்குள் செய்துகொள் என்று நாம் சொல்லியனுப்பலாம். அந்தக் கூச்சத்தைப் போக்குவது பள்ளியிலேயே தொடங்க வேண்டிய வேலை.

மொழியும் அப்படித்தான். 'ஜாம்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. தமிழில் பாடத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அது பெரிய மலை அல்ல. ஒன்பது, பத்தாம் வகுப்பில் முடுக்கம் என்று கரும்பலகையில் எழுதும்போது பக்கத்திலேயே அதற்கான ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழக்கினால் போதும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கிவைத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துணை என்று நமக்குத் தெரியும். அந்தத் தொகை முதல் பட்டத்தோடு நின்றுவிடும். வீட்டில் கணக்குப் பார்ப்பதும் அப்போதுதான். "இன்னும் எத்தனை வருசத்துக்குங்க டீச்சர் படிக்க வைக்கிறது?" என்று ஓர் அப்பா கேட்டால் அதில் தப்பில்லை. அவருக்கு நாம் எண்ணிக்கையோடு பதில் சொல்ல வேண்டும். 'கேட்' மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நார் மில்லில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்த எண்கள் தெரிந்தால் வீட்டில் பேச்சே மாறும். அதுவும் ரிசல்ட் வந்த ஜூனில் சொன்னால் போதாது. இரண்டாம் ஆண்டிலேயே சொன்னால்தான் அவர் யோசிக்க நேரம் இருக்கும்.

நாம் மேடைகளில் மயில்சாமி அண்ணாதுரையைப் பற்றிப் பேசுகிறோம். பக்கத்துக் கோதவாடிக்காரர், தமிழ் வழியில் படித்தவர், சந்திரயான் அனுப்பியவர் என்று சொல்கிறோம். கிராமத்துப் பள்ளியிலிருந்து நேராக நிலவுக்குப் போய்விடுகிறோம். நடுவில் ஒரு படி இருக்கிறது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. முடித்து, பி.எஸ்.ஜி. கல்லூரியில் எம்.இ. படித்து, 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், பாலிடெக்னிக்கில் தொடங்கி, பி.இ. முடித்து, திருச்சியில் முதுநிலையும் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர், செங்கோட்டை நிகார் ஷாஜி, நெல்லையில் பொறியியல் படித்து ராஞ்சிக்குப் போய் முதுநிலை முடித்தவர். மூவர் கதையிலும் அந்த நடுப்படி இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லும்போது அதைத் தாண்டிப் போகாமல் நின்று சொல்லுங்கள்.

இப்போது நான் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளின் பெயர், சேர்ந்த கல்லூரி, பாடம், முடிக்கும் ஆண்டு, போன் எண். ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் முன்பு அதைத் திறந்து, அடுத்த ஆண்டு முடிப்பவர்களுக்கும் அதற்கடுத்த ஆண்டு முடிப்பவர்களுக்கும் செய்தி அனுப்புகிறேன். சிலர் பதில் சொல்கிறார்கள். பலர் சொல்வதில்லை. பரவாயில்லை.

அப்படிப் பேசியதில், வேதியியல் படித்த ஒரு பையன் 'ஜாம்' எழுதினான். ஐ.ஐ.டி. கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அதே படிப்பை வைத்து மார்ச்சில் 'கியூட்' எழுதினான். இப்போது திருவாரூரில் எம்.எஸ்சி. படிக்கிறான். இன்னொரு மாணவி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "எனக்கு இப்ப வேலைதானுங்க வேணும், படிப்பு அப்புறம் பார்த்துக்கறேன்" என்றாள். அதுவும் எனக்கு நிறைவுதான். அவள் தெரிந்து எடுத்த முடிவு அது.

கல்லூரிப் பேராசிரியர்கள் இதைச் சொல்ல மாட்டார்களா என்று கேட்கலாம். சொல்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை தயங்காமல் வந்து பேசும் இடம் எது? பண்டிகைக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குத்தானே வருகிறது? அந்த வீட்டில் அப்பா, அம்மா நம் பேச்சைத்தானே கேட்கிறார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த ஆண்டு ஆயுதபூஜைக்கு ஊருக்கு வரும் உங்கள் பழைய மாணவரிடம், "நல்லாப் படிக்கிறியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்த வருசம் படிக்கிற? முடிச்சு என்ன பண்ணப்போற? அதுக்கு எப்ப விண்ணப்பிக்கணும்னு பார்த்தியா?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் கூடவே உட்கார்ந்து தேடுங்கள்.